பெயருக்கு எதிரே மூன்று இலக்கங்கள்

பதக்கப் பட்டியலைப் பார்க்கையில் என் கண் மேலிருந்து இறங்குவதில்லை, கீழிருந்து ஏறுகிறது. அமெரிக்காவையும் சீனாவையும் தேட வேண்டியதில்லை. இலங்கையைத்தான் தேட வேண்டும். பல தடவை உச்சி வரை ஏறியும் அகப்படாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக் நடந்தது ஆடி மாதத்தில். எங்கள் மீன்பிடி ஊரான உடப்பில் அது திரௌபதை அம்மன் திருவிழாக் காலம். பூமிதிப்புக்கு விரதம் இருக்கும் வீடுகளில் மஞ்சள் வாடையும் சாம்பிராணியும் கலந்து நிற்கும், மேற்குக் கரையில் தென்மேல் காற்று அடித்துக் கடல் குமுறிக்கொண்டிருக்கும், கரைவலை வாடிக்குள் சுருண்டு கிடக்கும். தொழில் இல்லாத நாட்களில் தேநீர்க்கடைத் தொலைக்காட்சிக்கு முன்னால் ஆட்கள் கூடுவார்கள். இலங்கையிலிருந்து 6 பேர் பாரிஸ் போனார்கள், பதக்கம் எதுவும் வரவில்லை. அதில் எனக்கு நோவு பெரிதாக இல்லை. பட்டியலில் நாம் இல்லாதபோது மனம் ஒருவாறு அமைதியாகவே இருக்கிறது. பட்டியலில் நாம் இருக்கும்போதுதான் ஏதோ உறுத்துகிறது. நெடுநாளாக இருக்கும் உறுத்தல் இது.

முதலில் அந்தப் பட்டியலின் கணக்கு. 2019 டிசம்பரில் நேபாளத்தில் 13ஆவது தெற்காசிய விளையாட்டு விழா நடந்தது. இந்தியா 174 தங்கத்தோடு யாரும் எட்ட முடியாத தூரத்தில் நின்றது. இரண்டாம் இடம் நேபாளத்துக்கு: 51 தங்கம், 60 வெள்ளி, 95 வெண்கலம், மொத்தம் 206. மூன்றாம் இடம் இலங்கைக்கு: 40 தங்கம், 83 வெள்ளி, 128 வெண்கலம், மொத்தம் 251. 45 பதக்கம் கூடுதலாக வாங்கியும் நாம் ஒரு படி கீழே. எங்களுக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று முறையிட இதைச் சொல்லவில்லை. தங்கத்தை வைத்து வரிசைப்படுத்துவது ஊரறிந்த விதி, நேபாளம் அந்த விதிப்படி வென்றது, அதில் குறை காண ஒன்றுமில்லை. என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறு. இந்த விதி எப்படி வேலை செய்கிறது என்று மெல்லப் பாருங்கள். இரண்டு நாடுகளை ஒப்பிடும்போது முதலில் தங்கத்தைப் பார்க்கும். தங்கத்தின் எண்ணிக்கை சமமாக இருந்தால் மட்டும் வெள்ளியைப் பார்க்கும். வெள்ளியும் சமமாக இருந்தால் மட்டும் வெண்கலத்தைப் பார்க்கும். 51க்கும் 40க்கும் இடையிலேயே வழக்கு முடிந்துவிட்டது. ஆகவே அந்த 83 வெள்ளியும் 128 வெண்கலமும் குறைத்து மதிப்பிடப்பட்டன என்றுகூடச் சொல்ல முடியாது. இடத்தைத் தீர்மானிக்கும்போது அவற்றை யாரும் பார்க்கவே இல்லை. அவை 500 ஆக இருந்திருந்தாலும் பூச்சியமாக இருந்திருந்தாலும் நேபாளத்துக்கு அடுத்த படியில்தான் நாம் நின்றிருப்போம். கழுத்தில் பதக்கத்தோடு மேடையில் நின்று, ஊருக்கு வந்து மாலை போட்டுக்கொண்ட ஒருவரின் உழைப்பு, நாட்டின் பெயருக்கு எதிரே ஒரு இலக்கமாக அச்சாகி, அந்த இலக்கம் எதையும் அசைக்காமல் கிடக்கிறது. 211 பதக்கங்கள் அப்படிக் கிடந்தன.

அமெரிக்கப் பத்திரிகைகள் வேறு விதமாக எண்ணும் என்பது தெரிந்ததுதான். 2008 பெய்ஜிங்கில் சீனா தங்கத்தில் முந்தி நின்றபோது அவர்கள் மொத்தத்தைக் கூட்டித் தங்களை முதலில் வைத்தார்கள். மொத்தத்தைக் கூட்டினால் வெண்கலமும் தங்கமும் ஒரே விலைக்குப் போகின்றன. பந்தயத்தில் முதலாவதாக வந்தவர் அதை ஒப்ப மாட்டார், ஒப்பவும் கூடாது. மூன்று, இரண்டு, ஒன்று என்று புள்ளி கொடுத்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். சனத்தொகையால் வகுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கணக்கில் பாரிஸில் ஜூலியன் ஆல்ஃப்ரெட் 100 மீற்றரில் தங்கம் வென்ற சென்ட் லூசியா மேலே போய்விடும், இந்தியா அடியில் கிடக்கும். ஒவ்வொரு கணக்கும் ஒருவரைத் தூக்கி இன்னொருவரை இறக்குகிறது. ஒலிம்பிக் சாசனமோ, போட்டி வீரர்களுக்கிடையே நடப்பது, நாடுகளுக்கிடையே நடப்பதல்ல என்று எழுதி வைத்திருக்கிறது. ஒரு காலத்தில் நாடுகளை வரிசைப்படுத்தும் பட்டியல் எதையும் ஒலிம்பிக் குழு தயாரிக்கக் கூடாது என்றே அதில் விதி இருந்தது. 1896 ஏதென்ஸில் முதலாவதாக வந்தவருக்குக் கிடைத்தது வெள்ளிப் பதக்கமும் ஒலிவ் கிளையும். மூன்றாவதாக வந்தவருக்கு ஒன்றுமே இல்லை. இன்று நாம் புரட்டும் 1896ஆம் ஆண்டின் தங்கப் பட்டியல் பிற்காலத்தார் உட்கார்ந்து எழுதியது. மனிதர் ஓடி முடித்துப் போன பிறகு, நாடு வந்து அந்த இடத்தில் அமர்ந்துகொண்டது.

பாரிஸில் பாகிஸ்தான் 62ஆம் இடம், இந்தியா 71ஆம் இடம். இந்தியாவுக்கு 6 பதக்கங்கள், தங்கம் இல்லை. பாகிஸ்தானுக்கு ஒன்றே ஒன்று, அது தங்கம். அர்ஷத் நதீம் எறிந்த ஈட்டி 92.97 மீற்றர் போய் விழுந்தது. நீரஜ் சோப்ராவின் ஈட்டி 89.45 மீற்றர். மூன்றரை மீற்றர் தூரம்தான். அந்தத் தூரத்துக்குள் இரண்டு பெரிய நாடுகளின் எத்தனையோ கோடிப் பேர் தங்கள் பழைய பகையையும் பெருமையையும் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். அடுத்த நாள் நீரஜின் தாயார், தங்கம் வென்றவனும் எங்கள் பிள்ளைதான் என்ற பொருளில் பேசினார். எல்லைக்கு அந்தப் பக்கம் அர்ஷத்தின் தாயாரும் அதே போலப் பேசினார். ஹரியானாவின் ஒரு கிராமத்துத் தாயும் பஞ்சாபின் மியான் சன்னு பக்கத்துத் தாயும் பட்டியலைப் பார்த்துப் பேசவில்லை. இரண்டு பையன்களின் தோளையும் முழங்கையையும், ஊருக்குள் ஈட்டி எறிய இடம் தேடித் திரிந்த காலத்தையும் நினைத்துப் பேசினார்கள் என்றே எனக்குப் படுகிறது. அர்ஷத் அந்த ஆண்டுத் தொடக்கம் வரை பல வருடப் பழைய ஈட்டி ஒன்றை வைத்துப் பயிற்சி செய்தவர். 62 என்ற இலக்கத்தில் அந்தத் தேய்ந்த ஈட்டி எங்கே இருக்கிறது?

எண்ணுவதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. உடப்பில் பிறந்தவர் யாரும் அப்படிச் சொல்ல முடியாது. கரைவலை எண்ணிப் பங்கு போடும் தொழில். தோணி கடலுக்குள் வளைந்து போய் வலையை இறக்கிவிட்டுத் திரும்பும்; இரண்டு கயிற்று முனைகளும் கரையில் இரண்டு அணிகளின் கையில் இருக்கும். குதிகாலை மணலுக்குள் புதைத்து, உடம்பைப் பின்னால் சாய்த்து, அம்பாப் பாட்டின் இழுவைக்குக் கயிறு ஒரு சாண், இன்னொரு சாண் என்று வரும். ஒருவர் முன்னடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் ஏலேலோ சொல்லி வாங்குவார்கள். வரிசையின் வால் பக்கத்தில் நனைந்த கயிற்றை வட்டமாகச் சுருட்டி வைப்பவர் இழுப்பதே இல்லை. அவர் சுருட்டாவிட்டால் மறுநாள் வலை கடலுக்குப் போகாது. மடி கரையை நெருங்கும்போது கழுத்தளவு நீரில் நின்று அதை ஒருக்களித்துப் பிடிப்பவர் உண்டு. உள்ளங்கையில் கயிறு அறுத்த தடத்தில் உப்பு ஏறி எரியும். மடி மணலில் ஏறியதும் கீரியோ சூடையோ வெள்ளி வெள்ளியாகத் துடிக்கும், விலை பேசப்படும், பிறகு பங்கு. அந்தப் பங்கும் சமத்துவமான பங்கல்ல. வலைக்கும் தோணிக்கும் சம்மாட்டிக்கும் போனது போக மிச்சம்தான் கயிறு பிடித்தவர்களுக்கு. அதைப் பற்றிய மனக்குறை தலைமுறை தலைமுறையாக இந்தக் கரைகளில் இருந்து வருகிறது. ஆனாலும் ஒன்று உண்டு: பங்கு போடும்போது கயிறு பிடித்த ஒவ்வொருவரையும் பார்த்தாக வேண்டும். சுருட்டியவரை, நீரில் நின்றவரை, நடுவில் வந்து கைகொடுத்த கிழவரை. மீன் நிறையக் கிடைத்தது என்பதற்காக வால் பக்கத்து ஆளின் முகத்தைப் பார்க்காமல் கணக்கை முடிக்க முடியாது. இப்போது பல கரைகளில் உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் கயிற்றை இழுக்கிறது. பாட்டும் இல்லை, முகங்களும் குறைவு.

2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவின் பட்டியலில் இலங்கைக்கு எதிரே 1, 2, 2 என்று இருந்தது. அந்த இரண்டு வெள்ளியில் ஒன்று பெண்கள் கிரிக்கெட் அணிக்கு. ஒரு அணி முழுவதும் ஒரு இலக்கம். மற்றது ஈட்டி எறிந்த டில்ஹானி லேகம்கேக்கு, ஒருவர் ஒரு இலக்கம். இரண்டு வெண்கலமும் 4x400 மீற்றர் அஞ்சல் ஓட்டங்களுக்கு, நால்வர் ஒரு இலக்கம். கலப்பு அஞ்சல் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்து, ஓடுபாதைக் கோட்டை மிதித்த குற்றத்துக்காக நீக்கப்பட்ட நால்வரும் இருந்தார்கள். அவர்களுக்கு இலக்கமே இல்லை, அவர்கள் விட்ட இடத்தில் இந்தியாவுக்கு வெள்ளி போனது. அந்த ஒரே தங்கம் தருஷி கருணாரத்னவுடையது. வளல மத்திய கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளை, 800 மீற்றரை 2 நிமிடம் 3.20 வினாடியில் ஓடினாள். அடுத்து வந்த இந்தியாவின் ஹர்மிலன் பெயின்ஸ் 0.55 வினாடி பின்னால். கண் இமைத்துத் திறக்கும் நேரத்தை விடச் சற்றுக் கூட. அந்த இடைவெளி இல்லாமல் போயிருந்தால் இலங்கை தங்கமில்லாத நாடுகளோடு பல படிகள் கீழே கிடந்திருக்கும். இரண்டு கோடிப் பேரின் இடம் ஒரு பள்ளிப் பிள்ளையின் கடைசி 50 மீற்றரில் தொங்கியது என்பதை நினைக்க எனக்குப் பெருமையை விடப் பயமே கூடுதலாக வருகிறது. அவள் தோற்றிருந்தால் எங்களில் யார் அவளுடைய பெயரைத் தெரிந்து வைத்திருப்போம்?

பட்டியல் ஒரு நாளில் முடிந்துவிடுவதும் இல்லை. 2000ஆம் ஆண்டு சிட்னியில் சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றரை 22.28 வினாடியில் ஓடி வெண்கலம் வாங்கினார். முதலாவதாக வந்த மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து பாவித்ததை 2007இல் ஒப்புக்கொண்டார். 2009 டிசம்பரில் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாக்கப்பட்டது. சிட்னிப் பட்டியலில் இலங்கை அன்று சில படிகள் ஏறியது, யாரும் ஓடாமலே. ஆனால் அந்த மேடையில் இரண்டாம் படியில் நிற்கும் நிமிடத்தை அவருக்கு யாராலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அந்த 9 வருடங்கள் இலக்கம் பொய் சொல்லிக்கொண்டிருந்தது, நாங்கள் அதை மெய் என்று வாசித்துக்கொண்டிருந்தோம்.

எனக்குள் இருக்கும் உறுத்தலின் அடி இன்னும் ஆழத்தில், 1958இல் இருக்கிறது. டோக்கியோவில் மூன்றாவது ஆசிய விளையாட்டு விழா அந்த வருடம் மே 24 முதல் ஜூன் 1 வரை நடந்தது. உயரம் பாய்தலில் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் தங்கம் வென்றார். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் பாயப் பழகிய தமிழர். ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. இனி இலங்கையில் அந்த நாட்களில் நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மே 22 அளவில் பொலன்னறுவைப் பக்கம் தமிழர் மீது தொடங்கிய தாக்குதல்கள் கொழும்புக்கும் தெற்குக்கும் பரவின. மே 27இல் அவசரகாலநிலை அறிவிக்கப்பட்டது. தமிழர்கள் அகதி முகாம்களில் சேர்க்கப்பட்டுக் கப்பலில் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டார்கள். தார்சி வித்தாச்சி அந்த நாட்களைப் பற்றி எழுதிய 'எமர்ஜென்சி 58' இன்றும் வாசிக்க முடியாமல் கையை நடுங்க வைக்கும் புத்தகம். ஒரே வாரம். டோக்கியோவில் ஒரு தமிழன் குறுக்குத் தடிக்கு மேலே உடம்பை வளைத்து அந்தப் பக்கம் விழுந்து, சிங்கக் கொடியை உச்சிக்கு ஏற்றுகிறான். அந்தக் கொடியின் நாட்டில் அவனுடைய மொழி பேசுகிறவர்களை ரயிலில் தேடித் தேடி இறக்குகிறார்கள். பட்டியலில் சிலோன் என்ற பெயருக்கு எதிரே தங்கத்தின் கீழ் 1 என்று ஏறுகிறது. எந்தக் கூட்டல் பிழையும் இல்லை. அந்த 1 முழுக்க முழுக்கச் சரியான இலக்கம். அந்தச் சரிதான் எனக்கு உறுத்துகிறது. நாடு அவனைத் தன் பெயருக்குள் கூட்டிக்கொண்ட அதே நாட்களில் அவனைப் போன்றவர்களைக் கழித்துக்கொண்டிருந்தது. பட்டியலுக்குக் கூட்டல் மட்டும்தான் தெரியும்.

எதிர்வீரசிங்கம் 1962 ஜகார்த்தா ஆசிய விழாவில் வெள்ளியும் வாங்கினார். வாழ்க்கையின் பெரும்பகுதி இலங்கைக்கு வெளியே கழிந்தது. இலங்கையின் முதல் ஒலிம்பிக் பதக்கக்காரர் டங்கன் வைட்டை எடுங்கள்: 1948 லண்டன், 400 மீற்றர் சட்டவேலி ஓட்டம், வெள்ளி. நாடு சுதந்திரம் அடைந்து 6 மாதம்கூட நிறையவில்லை. பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்தவர். சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய 1956இன் மொழிச் சட்டத்துக்குப் பிறகு அந்தச் சமூகத்தில் பலர் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்கள். டங்கன் வைட் நைஜீரியாவில் வேலை செய்து, 1998இல் இங்கிலாந்தில் காலமானார். இலங்கைக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் கொண்டுவந்தவரும் முதல் ஆசியத் தங்கம் கொண்டுவந்தவரும் இந்த மண்ணிலேயே தங்கிவிடவில்லை. அவர்கள் போனதற்குத் தனித்தனிக் காரணங்கள் இருக்கலாம், அவற்றை ஊகிக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் அவர்களுடைய சமூகங்கள் ஏன் போயின என்பது ஊகம் வேண்டாத விடயம். பதக்கம் இலங்கையோடு தங்கிவிட்டது.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் நான் பார்த்தாக வேண்டும். டோக்கியோ பராலிம்பிக்கில் தினேஷ் பிரியந்த ஹேரத் ஈட்டியை 67.79 மீற்றர் எறிந்து உலக சாதனையோடு தங்கம் வென்றார். பராலிம்பிக்கில் இலங்கையின் முதல் தங்கம். அவர் இராணுவ வீரர், உள்நாட்டுப் போரில் கையில் காயப்பட்டவர். அந்தப் போரில் அவருக்கு எதிர்ப்பக்கம் நின்றவர்கள் என்னுடைய மொழி பேசியவர்கள். அன்று ஈட்டி விழுந்ததைப் பார்த்து எனக்கு மகிழ்ச்சி வந்தது. மெய்யான மகிழ்ச்சி, ஏனென்றால் உடைந்த ஒரு உடம்பு மீண்டும் ஓடி வந்து எறிந்தது. அந்த மகிழ்ச்சிக்குப் பக்கத்திலேயே, அதே போரில் கையும் காலும் இழந்து முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் எந்தப் பயிற்றுவிப்பாளரும் வந்து பார்க்காத பிள்ளைகளின் நினைவும் வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டையும் ஒன்றோடொன்று கழித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. இரண்டும் அப்படியே இருக்கின்றன.

உடப்பிலிருந்து இதை எழுதும்போது இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. சிலாபத்திலிருந்து நீர்கொழும்பு வரை இந்தக் கரையோரத்தில் பல மீன்பிடி ஊர்களில் ஒரு நூற்றாண்டுக்குள் தமிழ் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியேறி, வீட்டுக்குள் ஒடுங்கி, கிழவிகளின் வாயோடு நின்றுவிட்டது. உடப்பில் நிற்கவில்லை. புத்தளம் மாவட்டம் சிங்களவர் பெரும்பான்மை மாவட்டம். மாவட்டத்தின் பெயருக்கு எதிரே வரும் எந்தப் புள்ளிவிபரத்திலும் உடப்பு ஒரு பின்னமாகக் கரைந்துவிடும். புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளி மாவட்ட வாரியாக வரும், உயர்தரப் பெறுபேற்றில் மாவட்ட நிலை, தீவு நிலை என்று இரண்டு இலக்கம் வரும். பத்து வயதிலேயே பிள்ளைக்குத் தான் எத்தனையாவது என்று தெரிந்துவிடுகிறது, யாரோடு சேர்த்து எண்ணப்பட்டோம் என்பது தெரிவதில்லை. விளையாட்டிலும் அதே ஏணிதான். கடற்கரை மணலில் ஓடிப் பழகிய பெண்பிள்ளை பாடசாலைப் போட்டியில் தன் பெயரில் ஓடுகிறாள். வலயப் போட்டியில் பாடசாலையின் பெயரில் ஓடுகிறாள். மாகாணப் போட்டியில் வலயத்தின் பெயரில். அகில இலங்கைப் போட்டியில் வடமேல் மாகாணத்தின் பெயரில். ஒவ்வொரு படி ஏறும்போதும் அவளுக்கு மேலே ஒரு பெரிய பெயர் வந்து அமர்கிறது. மேலே போகப் போக அவளுடைய கால் வேகம் கூடுகிறது, பெயர் சின்னதாகிறது.

இலங்கையின் ஒலிம்பிக் வரலாறு முழுவதும், 1948 முதல் 2024 வரை, இரண்டே பதக்கங்கள். டங்கன் வைட், சுசந்திகா ஜயசிங்க. இரண்டு பேருக்குப் பட்டியல் எதற்கு? இரண்டு பெயர்களையும் எழுதினால் போதும், எங்கே பிறந்தார்கள், எப்படி ஓடினார்கள், பிறகு அவர்களுக்கு என்ன நடந்தது என்பதையும் அந்தப் பக்கத்திலேயே எழுத இடம் மிஞ்சும். பெரிய நாடுகளுக்கு அந்த வசதி கிடையாது. பாரிஸில் 126 பதக்கம் வாங்கிய அமெரிக்காவால் அத்தனை பேரையும் தனித்தனியாக நினைவில் வைக்க முடியாது, ஆகவே அவர்களுக்கு இலக்கம் தேவைப்படுகிறது. எங்களால் முடியும். எங்கள் பாடசாலைச் சமூகக்கல்விப் புத்தகத்தில் 1958 மே மாதத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, டோக்கியோவில் நடந்ததையும் கொழும்பில் நடந்ததையும் ஒன்றின் கீழ் ஒன்றாக, மூன்று மொழியிலும் அச்சடிக்க முடியும். எதிர்வீரசிங்கம் என்ற பெயரை அந்த வகுப்பிலுள்ள சிங்களப் பிள்ளையும் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொள்ளும். அதற்கு ஒரு பதக்கமும் கூடுதலாக வெல்ல வேண்டியதில்லை.